யார் எழுதினா என்னவா? - எல்லரி குயீனை முன்வைத்து ஒரு சண்டை

"கதை நல்லா இருந்தா போதும் சார், யார் எழுதினா நமக்கென்ன?"

இந்த வசனத்தைக் கேட்காத ஆள் நம்ம வட்டாரத்தில் இருக்க முடியாது. புனைபெயர், கூட்டுப்பெயர், கோஸ்ட் ரைட்டர் என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் யாராவது ஒருத்தர் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிரச்சினையே தீர்ந்துபோன மாதிரி டீயை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார். கொஞ்சம் படித்தவராக இருந்தால் 'ஆசிரியன்தான் எப்பவோ செத்துட்டானே' என்று ரோலான் பார்த்தையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வருவார்.

எனக்கு இது சுத்தமாக ஒப்பவில்லை. அதிலும் துப்பறியும் நாவல் படிக்கிறவர்கள் இதைச் சொன்னால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ராத்திரி 2 மணி வரைக்கும் லைட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, 'யார் செஞ்சது? யார் செஞ்சது?' என்று பக்கம் புரட்டுகிற கூட்டம் நாம. கதைக்குள்ளே யார் என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. அட்டையில் இருக்கிற பெயருக்குப் பின்னால் யார் என்று கேட்டால் மட்டும் 'அதெல்லாம் எதுக்குப்பா'வா? நல்லா இருக்கே நியாயம்!

ரெண்டு பேரோ மூணு பேரோ சேர்ந்து ஒரே பெயரில் மர்மக்கதை எழுதுகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கூட்டாக எழுதுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. புனைபெயரே தப்பு என்றும் சொல்ல வரவில்லை. (சொன்னா இங்க பாதிப்பேர் கடையைச் சாத்தணும் :-)) முழுசா படிச்சுட்டு அப்புறம் ஆட்டோ அனுப்புங்க.

எல்லரி குயீன் என்று ஆரம்பித்தால் சிலருக்குத் தெரியும், பலருக்கு அகதா கிறிஸ்டி, ஷெர்லக் ஹோம்ஸோடு கதை முடிந்திருக்கும். அதனால் சுருக்கமாக ஒரு முன்கதை.

நியூயார்க்கின் ப்ரூக்ளினில் 1905-ல் பிறந்த ரெண்டு கசின்கள். ஒருத்தர் ஃபிரெடரிக் டேனே, இன்னொருத்தர் மேன்ஃப்ரெட் லீ. இந்த ரெண்டு பேருமே பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. டேனேயின் பிறந்த பெயர் டேனியல் நேதன், லீயின் பிறந்த பெயர் இமானுவேல் லெபோஃப்ஸ்கி. ஆக புனைபெயருக்குள்ளே புனைபெயர். டேனே விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தார், லீ சினிமா கம்பெனிக்கு விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். 1928-ல் ஒரு பத்திரிகையும் ஒரு பதிப்பகமும் சேர்ந்து துப்பறியும் நாவல் போட்டி ஒன்றை அறிவித்தன. பரிசு 7500 டாலர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய பணம் என்று சொல்லத் தேவையில்லை. ரெண்டு பேரும் உட்கார்ந்து எழுதினார்கள். புனைபெயரில்தான் அனுப்பணும் என்பது விதி. வாசகனுக்கு எழுத்தாளன் பெயர் மறந்துபோகும், துப்பறிகிறவன் பெயர் மறக்காது என்று கணக்குப் போட்டு, ஹீரோ பெயரையே ஆசிரியர் பெயராகவும் வைத்துவிட்டார்கள். எல்லரி குயீன் எழுதிய எல்லரி குயீன் கதை. விளம்பரக்காரன் மூளை!

ஜெயித்தது நீங்கதான் என்று செய்தியும் வந்தது. அதற்குள் பத்திரிகை திவாலாகி கை மாறியது. புது முதலாளி பரிசைத் தூக்கி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த வேறொருவர் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். ஆபீஸில் ஹெச்.ஆர். ஆட்கள் நம்மை உட்கார வைத்து 'நீ எந்த டைப்' என்று நாலு எழுத்தில் ரிசல்ட் கொடுப்பார்களே, அந்த டெஸ்ட்டை உருவாக்கிய அதே அம்மணி. பரிசு போனாலும் பதிப்பகம் கைவிடவில்லை. 1929-ல் 'தி ரோமன் ஹாட் மிஸ்டரி' வெளிவந்தது. 1932-ல் மட்டும் நாலு நாவல். 1941-ல் எல்லரி குயீன் பெயரிலேயே ஒரு மர்மக்கதைப் பத்திரிகை. மிஸ்டரி ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா 1961-ல் 'கிராண்ட் மாஸ்டர்' பட்டமும் கொடுத்தது. முன்கதை ஓவர்.

இப்ப மேட்டருக்கு வருவோம்.

குயீனுடைய ஆரம்ப கால நாவல்களில் ஒரு விசேஷம் உண்டு. முக்கால்வாசி கதை போனதும் திடீரென்று கதையை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் வரும். 'வாசகருக்கு ஒரு சவால்'. கண்டுபிடிக்கத் தேவையான அத்தனை தடயமும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது, எதையும் மறைக்கவில்லை, முடிந்தால் கொலைகாரன் யார் என்று சொல்லுங்கள் என்கிற தோரணையில். மர்மக்கதையில் இதற்கு ஃபேர் ப்ளே என்று பெயர். குழப்பலாம், திசை திருப்பலாம், கண்ணெதிரே வைத்து கவனிக்காமல் போகவும் செய்யலாம். ஆனால் தடயத்தை ஒளித்து வைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் 'அவனுக்கு ஒரு ரெட்டைப் பிறவி அண்ணன் இருந்தான்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் புத்தகம் சுவரில் பறக்கும்.

என் வாதம் ரொம்ப சிம்பிள். கதைக்குள்ளே எந்த நியாயத்தை வாசகனுக்கு வாக்குக் கொடுக்கிறாயோ, அதே நியாயம் அட்டைக்கும் உண்டு. முகமூடி போட்டுக்கொண்டு வா. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இது முகமூடி என்று எனக்குத் தெரிகிற வரைக்கும் அது விளையாட்டு. இன்னொருத்தர் மூஞ்சியை மாட்டிக்கொண்டு வந்து 'இதுதான் என் முகம்' என்றால் அதற்குப் பேர் வேற.

டேனேயும் லீயும் இந்த விளையாட்டை எப்படி ஆடினார்கள் பாருங்கள். 1932-ல் 'பார்னபி ராஸ்' என்று இன்னொரு பெயரிலும் எழுத ஆரம்பித்தார்கள். ட்ரூரி லேன் என்று காது கேட்காத ஒரு நாடக நடிகர்தான் அதில் ஹீரோ, மொத்தம் நாலு நாவல். அப்புறம் ஒருத்தர் குயீன், இன்னொருத்தர் ராஸ் என்று முகமூடி போட்டுக்கொண்டு மேடை ஏறி, ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொண்டார்கள். கூட்டமும் காசு கொடுத்து வந்து பார்த்தது. ஏமாற்று வேலைதானே என்று கேட்பீர்கள். அவசரப்படாதீங்க. முகத்தில் துணி கட்டிக்கொண்டு மேடையில் நிற்கிறவனைப் பார்த்து 'இவர் யாரையோ மறைக்கிறார்' என்று புரியாத ஆள் இருக்கிறாரா? அதை விடுங்கள். 'பார்னபி ராஸ்' என்கிற பெயர் அவர்களுடைய முதல் புத்தகத்தின் முன்னுரையிலேயே, ஒரு பழைய கேஸின் பெயராக, போகிற போக்கில் வருகிறது. 1929-லேயே அச்சில் இருந்தது. கவனிச்சுப் படிச்ச புண்ணியவான் எவனாவது பிடித்திருக்க முடியும். தடயம் வாசகன் கையில்! இதுதான் ஃபேர் ப்ளே.

அதே மாதிரி எம்மா லேதன். பேங்க், பங்குச் சந்தை, கம்பெனி விவகாரங்களைப் பின்னணியாக வைத்து, ஜான் தாட்சர் என்கிற பேங்க் அதிகாரியைத் துப்பறிய விட்டு 1961-லிருந்து எழுதியவர். ஆனால் எம்மா ஒருத்தர் இல்லை. மேரி ஜேன் லாட்சிஸ் என்கிற பொருளாதார நிபுணரும், மார்த்தா ஹெனிசார்ட் என்கிற வக்கீலும் சேர்ந்த ஜோடி. தொழிலில் பெரிய கம்பெனிகளோடு பழக்கம், அந்த மாதிரி கம்பெனிகளைத்தான் கதையில் கிண்டல் வேறு செய்கிறார்கள், பெயரைப் போட்டால் பிழைப்பு போய்விடும். மறைக்க நியாயமான காரணம். அதிலும் பாருங்கள், லாட்சிஸின் முதல் மூன்று ஆங்கில எழுத்தும் ஹெனிசார்ட்டின் முதல் மூன்று ஆங்கில எழுத்தும் சேர்ந்தால் லேதன். பெயரே தடயம்.

இதைப் படிக்கும்போதே நம்ம ஊர் ஞாபகம் வந்திருக்கும். சுரேஷ் + பாலகிருஷ்ணன் = சுபா. நரேந்திரனும் வைஜயந்தியும் ஈகிள்ஸ் ஐ ஏஜென்சியில் அடித்த கூத்தை மாத நாவலில் படித்து வளர்ந்த தலைமுறை நாம. சுபா என்றால் ரெண்டு பேர் என்று பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைக்காரருக்கே தெரியும். 'அயன்', 'கோ' டைட்டிலில் அந்தப் பெயர் வந்தபோதும் தியேட்டரில் யாரும் குழம்பவில்லை. ரெண்டு பேரில் எந்த வரியை யார் எழுதினார் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ரெண்டு பேர் இருக்கிறார்கள், ரெண்டு பேரும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறார்கள். முடிஞ்சு போச்சு.

இங்கே ஒரு கோஷ்டி குறுக்கே விழும். "ரெண்டு பேர் சேர்ந்து எழுதினா அது ஃபேக்டரி சரக்கு, எழுத்துங்கறது தனி மனுசனோட ஆத்மா" என்கிற தீவிர இலக்கிய கோஷ்டி. அய்யா, அந்த ஆத்மா ரெண்டா இருந்து அடிச்சுக்கிட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கணும்னா டேனேயும் லீயும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படிங்க. 1947-லிருந்து 1950 வரைக்குமான கடிதங்களை ஜோசப் குட்ரிச் தொகுத்து 2012-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டது இப்படி. கதைக்கரு, முடிச்சு, தடயம், பாத்திரம், யார் எப்போது என்ன சொல்லணும் என்பது வரை நீளமாக ஒரு திட்டம் போடுவது டேனே. அதை நாவலாக எழுதுவது லீ. கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் திட்டம் போட்டவருக்கு, 'நான் கட்டின வீட்டை இவன் இடிச்சு மாத்துறான்' என்று எரிச்சல். எழுதுகிறவருக்கு, 'இப்படி ஒரு நம்ப முடியாத முடிச்சைக் கொடுத்துட்டு இதுக்கு ரத்தமும் சதையும் நான்தான் தரணுமாம்' என்று எரிச்சல். அண்ணன் தம்பி சொத்துச் சண்டை தோற்றுப்போகும். காயம், கோபம், நீண்ட நீண்ட விளக்கம், நடுநடுவே வீட்டுக் கவலை, உடம்புக் கவலை. அந்த ரகளைக்கு நடுவில்தான் 'டென் டேஸ் வொண்டர்' (1948) வந்தது, 'கேட் ஆஃப் மெனி டெய்ல்ஸ்' (1949) வந்தது. ரெண்டாவது நாவல் நியூயார்க் நகரமே ஒரு தொடர் கொலைகாரனுக்குப் பயந்து நடுங்குவதைப் பற்றியது. கொலைகாரன் யார் என்பதைவிட ஒரு ஊர் எப்படிப் பயப்படுகிறது என்பதுதான் அதில் பெரிசு. குயீன் எழுதியதில் சிறந்ததென்று பல பேர் இதைத்தான் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

ஃபேக்டரியில் ஒரு கமாவுக்காக யாராவது இப்படி அடித்துக்கொள்வார்களா? தனியாக எழுதுகிற நமக்கு 'இந்த இடம் சொதப்பல்' என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு ஆள் இல்லாமல்தானே முக்கால்வாசி கதை மொக்கையாகப் போகிறது? (என் கதைகளையும் சேர்த்துத்தான், ஹி ஹி.)

வெளியே யாராவது 'எப்படிப் பிரிச்சுக்கறீங்க?' என்று கேட்டால் ரெண்டு பேரும் நழுவிவிடுவார்கள். உயிரோடு இருந்தவரை பொதுவெளியில் பட்டவர்த்தனமாகச் சொல்லவில்லை. அது மட்டும் சரியா என்றால், சரிதான். சமையல்கட்டில் யார் வெங்காயம் நறுக்கினார், யார் தாளித்தார் என்பது அவர்கள் விஷயம். சமைத்தது இந்த ரெண்டு பேர்தானா என்பது மட்டும் என் விஷயம். காசு கொடுத்தது நான்.

அந்த ஒரு விஷயத்தில்தான் குயீனே வழுக்கி விழுந்தார். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்ம ஆட்கள் 'யார் எழுதினா என்ன' என்று தூக்கிப் போடுவது சரியாக இந்த இடத்தில்தான்.

1950-களின் கடைசியில் லீக்கு எழுத்து நின்றுபோனது. ரைட்டர்ஸ் பிளாக். 1958-ல் வந்த 'தி ஃபினிஷிங் ஸ்ட்ரோக்'கோடு அஞ்சு வருஷம் எல்லரி நாவலே இல்லை. பெயர் மட்டும் பெரிய பெயர், சந்தையில் விலை போகும் பெயர். என்ன செய்தார்கள்? 1963-ல் 'தி பிளேயர் ஆன் தி அதர் சைட்' வந்தது. அட்டையில் எல்லரி குயீன். டேனே போட்ட திட்டத்தை நாவலாக எழுதியவர் தியோடர் ஸ்டர்ஜன். சயன்ஸ் ஃபிக்‌ஷன் படிக்கிறவர்களுக்கு இவர் யார் என்று சொல்ல வேண்டாம், 'மோர் தென் ஹ்யூமன்' எழுதிய மகான். அடுத்து 1964-ல் 'அண்ட் ஆன் தி எய்த் டே', 1965-ல் 'தி ஃபோர்த் சைட் ஆஃப் தி ட்ரையாங்கிள்'. எழுதியவர் அவ்ரம் டேவிட்சன். இந்த டேவிட்சன் யார் தெரியுமா? லாகூர் ராணுவக் குடியிருப்பைப் பின்னணியாக வைத்து ஒரு சிறுகதை எழுதி, அதற்காக 1962-ல் எட்கர் விருது வாங்கியவர். அந்தக் கதை வெளியானதே எல்லரி குயீன் பத்திரிகையில்தான். அங்கே அவர் சொந்தப் பெயரில் எழுத்தாளர். ரெண்டே வருஷத்தில் அதே குயீனின் நாவலில் பெயரில்லாத ஆள்.

இதாவது பரவாயில்லை. திட்டம் டேனேயுடையது, எழுதி முடித்ததை லீ உட்கார்ந்து திருத்தினார். பெயரில் பாதி நியாயமாவது இருக்கிறது. இன்னொரு பக்கம் மலிவு விலை பேப்பர்பேக் வரிசை ஒன்று ஓடியது. அதில் பெரும்பாலும் எல்லரி என்கிற துப்பறிவாளரே கிடையாது. டேனேக்குப் பங்கில்லை, லீ மேற்பார்வை மட்டும். எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள். அதில் மூன்று புத்தகம் ஜாக் வான்ஸ் எழுதியது. 1961-ல் சிறந்த முதல் மர்ம நாவலுக்கான எட்கர் விருதைச் சொந்தப் பெயரில் வாங்கியவர், சயன்ஸ் ஃபிக்‌ஷனில் ஹியூகோ விருதும் வாங்கியவர். பார்னபி ராஸையும் விடவில்லை. முகமூடியோடு மேடையேறிய அந்த அழகான பெயரை 1960-களில் சரித்திர நாவல்களுக்கு ஒட்டினார்கள், எழுதியவர் டான் ட்ரேசி. விளையாட்டாக ஆரம்பித்த முகமூடி வாடகைக்கு விடுகிற சட்டை ஆகிப்போனது. இதெல்லாம் அப்போது அட்டையில் கிடையாது. பிற்பாடு ஆராய்ச்சிக்காரர்கள் தோண்டித் துருவி வெளியே கொண்டுவந்தார்கள்.

எந்தத் தடயத்தையும் மறைக்கவில்லை என்று சவால் விட்ட அதே பெயரில்!

எனக்கு வலிப்பது இதைச் செய்தது டேனே, லீ மாதிரி ஆட்கள் என்பதுதான். ஏனென்றால் இந்த டேனேதான் பத்திரிகை ஆசிரியராக உட்கார்ந்து, முதல் கதை எழுதுகிற ஊர் பேர் தெரியாத ஆளையெல்லாம் 'இது இவருடைய முதல் கதை' என்று பெருமையாக அறிமுகப்படுத்தினவர். ஸ்டான்லி எலினின் முதல் கதை 1948-ல் அங்கேதான் வந்தது. போர்ஹேஸின் கதை ஒன்று முதன்முதலாக ஆங்கிலத்தில் அச்சானது அதே 1948-ல் அதே பத்திரிகையில்தான். போர்ஹேஸ் பெயரை அமெரிக்க வாசகனுக்கு முதலில் காட்டிய கை, ஸ்டர்ஜன் பெயரை மூடி வைத்தது. எழுதியவன் பெயருக்கு என்ன மதிப்பு என்று தெரியாமல் செய்திருந்தால் போகிறது என்று விடலாம். டேனேக்கு அது தெரியும்.

"காசு வாங்கிக்கிட்டுதானே எழுதினாங்க, ஸ்டர்ஜன் அழுதாரா?" என்று கேட்பீர்கள். அழுதிருக்க மாட்டார். வாடகை கட்டணும், பிள்ளைகளைப் படிக்க வைக்கணும் என்றால் யாரும் எழுதிக்கொடுப்பார்கள். அதில் எழுதுகிறவன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனக்குப் பழக்கமான ஒரு அண்ணாச்சி இருக்கிறார். பல வருஷம் முன்னாடி ஒரு பெரிய பெயருக்கு ஒரு தொடர்கதை முழுசாக எழுதிக்கொடுத்தவர். வாரா வாரம் கவரில் பணம் சரியாக வந்துவிடுமாம், அதில் ஒரு பைசா குறை சொல்ல மாட்டார். அது பிறகு புத்தகமாக வந்து, அவர் வீட்டு அலமாரியிலும் ஒரு பிரதி இருக்கிறது. அவருடைய மகள் அதைப் படித்துவிட்டு, "அப்பா, இவர் எவ்ளோ சூப்பரா எழுதறார், நீங்களும் இந்த மாதிரி எழுதக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் "எழுதலாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். யார் எழுதினா நமக்கென்ன என்று சொல்கிற கனவான்கள் அந்தக் கூடத்தில் போய் ஒருமுறை சொல்லிவிட்டு வரட்டும்.

காசு கொடுத்தால் உழைப்பை வாங்கலாம். 'நான் எழுதினேன்' என்று சொல்கிற பாத்தியதையையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள், அதுவும் அதே விலைக்கு. நம்ம சினிமாவில் டிஸ்கஷன் ரூமில் டீ குடித்துக் குடித்து சீன் பிடித்த எத்தனை பேர் டைட்டில் கார்டில் தங்கள் பெயரைத் தேடி ஏமாந்திருப்பார்கள்? அதே வியாதிதான்.

அடுத்தவன் உழைப்பைப் பெயருக்குள் ஒளிப்பது ஒரு வகை மோசடி என்றால், இல்லாத ஆளையே உருவாக்கி விற்பது இன்னொரு வகை. அதற்கு ஸ்பெயினுக்குப் போகணும்.

கார்மென் மோலா. 2018-லிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட போலீஸ் நாவல்கள். எலேனா பிளாங்கோ என்கிற பெண் போலீஸ் அதிகாரி ஹீரோயின். ஆசிரியர் மேட்ரிட்டில் பிறந்த பெண், பேராசிரியர், பிள்ளை குட்டிக்காரர், அடையாளத்தை வெளியிட விரும்பவில்லை என்று சொல்லப்பட்டது. ஏஜென்சி தளத்தில் முதுகைக் காட்டி நிற்கிற ஒரு பெண்ணின் படம். பேட்டியெல்லாம் உண்டு, எழுத்து மூலமாக. 'ஒரு பெண் இவ்வளவு கொடூரமாக எழுதுகிறாரே' என்பதே விற்பனைக்கு ஒரு காரணம். பெண்கள் எழுத்தைப் படியுங்கள் என்று அரசாங்கத்தின் மகளிர் அமைப்பு போட்ட பட்டியலில்கூட இவர் புத்தகம் இருந்தது.

2021 அக்டோபர் 15. பிளானெட்டா பரிசு, 10 லட்சம் யூரோ, மன்னர் முன்னிலையில் விழா. கார்மென் மோலாவுக்குத்தான் பரிசு என்று அறிவித்ததும் மேடையேறியது மூன்று ஆண்கள். ஜார்ஜ் டியாஸ், அகுஸ்டின் மார்ட்டினெஸ், அந்தோனியோ மெர்செரோ. டி.வி.க்கு எழுதி அனுபவமுள்ள ஆட்கள். மேட்ரிட்டில் ஒரு பெண்ணிய புத்தகக் கடை அவர்கள் புத்தகங்களைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. அவர்கள் தரப்பில் சொன்ன சமாதானம்: நாங்கள் ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஒளியவில்லை, ஒரு பெயருக்குப் பின்னால்தான் ஒளிந்தோம் என்பது.

சாரி பாஸ். பெயர் மட்டும் என்றால் பேராசிரியர் வேலை எதற்கு? பிள்ளைகள் எதற்கு? முதுகைக் காட்டுகிற படம் எதற்கு? பெயருக்கு முதுகு உண்டா?

உடனே ஒருத்தர் கேட்பார், எனக்குத் தெரியும். "அப்ப நம்ம வாத்தியார் சுஜாதா? பொண்டாட்டி பேர்ல எழுதலையா?" எழுதினார். குமுதத்தில் ஏற்கனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால், இந்த ரங்கராஜன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டார். ஆரம்பத்தில் யாராவது பெண் என்று நினைத்திருக்கலாம். ஆனால் கணேஷும் வசந்தும் பிரபலமான பிறகு, பெங்களூரில் வேலை பார்க்கிற ரங்கராஜன்தான் இவர் என்பது ஊரறிந்த ரகசியம். 'நான் ஒரு பெண், எனக்கு மூன்று குழந்தைகள்' என்று அவர் பேட்டி கொடுக்கவில்லை. பெண் எழுத்து என்று சொல்லி யாரிடமும் காசு பார்க்கவில்லை. பெயர் வைத்துக்கொள்வதற்கும் வாழ்க்கையை ஜோடித்து விற்பதற்கும் நடுவில் கோடு இருக்கிறது. கோடு மெல்லிசுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும்.

ஆக, கூட்டுப்பெயர்க்காரர்களுக்கு என் சட்டம் ரெண்டே ரெண்டுதான். பெயருக்குள்ளே இல்லாதவன் உழைப்பை அந்தப் பெயரில் விற்காதே. பெயருக்குப் பின்னால் இல்லாத ஒரு ஆளை நிற்க வைத்து விற்காதே. மத்தபடி எத்தனை பேர் சேர்ந்து வேணும்னாலும் எழுதுங்க, யார் முடிச்சு போட்டா, யார் அவிழ்த்தா என்று எந்தக் கணக்கும் வேணாம். முகமூடி போடுங்க, மேடையேறி சண்டை போடுங்க, நாங்க கை தட்டறோம். ரெண்டு சட்டத்தையும் மீறாமல் ஆயுசு பூரா எழுத முடியும் என்பதற்கு எம்மா லேதன் ஜோடியும் நம்ம சுபாவும் சாட்சி.

இதெல்லாம் வாசகனுக்கு ஒரு வித்தியாசமும் செய்யாது என்று இன்னமும் சொல்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று.

1971 ஏப்ரலில் லீ இறந்துபோனார். அந்த வருஷம் வந்த 'எ ஃபைன் அண்ட் பிரைவேட் பிளேஸ்'தான் எல்லரி துப்பறிகிற கடைசி நாவல். பேப்பர்பேக் வரிசை 1972-ல் ஓய்ந்தது. அதன் கடைசிப் புத்தகத்தை எழுதியவர் எட்வர்ட் டி. ஹாக், வழக்கம்போல அட்டையில் பெயர் இல்லாமல். அடுத்த வருஷமே, 1973 மே மாதத்திலிருந்து, அதே ஹாக்கின் கதை குயீன் பத்திரிகையின் ஒவ்வொரு இதழிலும் வர ஆரம்பித்தது. அவருடைய சொந்தப் பெயரில். ஒரு இதழ்கூட விடாமல் முப்பது வருஷத்துக்கும் மேலே.

டேனே அதற்குப் பிறகு 11 வருஷம் உயிரோடு இருந்தார். 1982-ல் இறக்கும் வரைக்கும் பத்திரிகையை நடத்தினார். திட்டம் போடுகிற மூளை அவருடையது. பெயர் அவர் கையில். எழுதிக்கொடுக்க எத்தனையோ பேர் கிடைத்திருப்பார்கள், முன்னாடி கிடைத்தவர்கள்தானே? ஆனாலும் எல்லரி துப்பறிகிற புது நாவல் ஒன்றுகூட வரவில்லை. நாற்பது வருஷம் யாரோடு சண்டை போட்டு எழுதினாரோ அவர் இல்லை.

யார் எழுதினா என்ன என்று அவரிடம் போய்க் கேட்டிருக்கணும்.

பி.கு: எல்லரி குயீன் படிக்காதவங்க 'கேட் ஆஃப் மெனி டெய்ல்ஸ்'லேர்ந்து ஆரம்பிங்க. திட்டறவங்க பின்னூட்டத்துல வாங்க. அனானியா வந்தாலும் ஓகே, ஆனா ஒரே ஆள் அஞ்சு பேர்ல வந்து அஞ்சு பேர் மாதிரி பேசினா பிச்சுப்புடுவேன் பிச்சு :-)